வாக்குமூலமும் தொடர்கதையும்

பால்புதுமையர் வாழ்க்கையைச் சொல்லும் கிராஃபிக் நாவல் ஒன்று வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இன்று முதலில் கைகாட்டப்படுவது ஆலிசன் பெக்டெலின் ‘ஃபன் ஹோம்’. 2006இல் வெளிவந்த இந்தத் தன்வரலாறு அமெரிக்கக் கல்லூரிப் பாடங்களுக்குள் போனது. பிராட்வேயில் இசை நாடகமாகி 2015இல் டோனி விருதும் வாங்கியது. தகுதியான புகழ்தான். ஆனால் அதற்குப் பிறகு இந்த வகைமையே, ‘நான் யார் என்று எப்படித் தெரிந்துகொண்டேன்’ என்ற ஒரே கதையின் பக்கம் சாய்ந்துவிட்டது. தெரிந்துகொண்ட பிறகு வாழவேண்டிய நாற்பது ஐம்பது வருஷம் இருக்கிறதே, அதை வரைய ஆள் குறைந்துபோனது. வேடிக்கை என்னவென்றால், அதையும் விரிவாக வரைந்துகாட்டியவர் இதே பெக்டெல்தான்.

‘டைக்ஸ் டு வாட்ச் அவுட் ஃபார்’ தொடரை அவர் 1983இல் நியூயார்க்கின் ‘வுமன்நியூஸ்’ என்ற பெண்ணியப் பத்திரிகையில் தொடங்கினார். 2008 வரை அது ஓடியது. எதற்கெடுத்தாலும் புலம்பும் மோ, அவள் வேலை பார்க்கும் பெண்ணியப் புத்தகக் கடை, ஒரே வீட்டில் குடியிருக்கும் லோயிஸ், ஜிஞ்சர், ஸ்பாரோ, பிறகு கிளாரிஸ், டோனி இணையர். இவர்களில் யாரும் ‘நான் லெஸ்பியனா’ என்று உட்கார்ந்து யோசிப்பதில்லை. அது எப்போதோ முடிந்த விஷயம். டோனி பெற்ற பையனுக்குக் கிளாரிஸ் சட்டப்படி தாயாவது எப்படி, பெரிய நிறுவனங்களின் புத்தகக் கடைகளுக்கு எதிரே மோவின் கடை எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும், பெண்களோடே இருந்த ஸ்பாரோ ஓர் ஆணோடு வாழத் தொடங்கினால் தோழிகள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பவைதான் அவர்களுடைய கவலைகள். பாத்திரங்களுக்கு வாசகரோடு சேர்ந்தே வயதாகிறது. அன்றைய தேர்தலும் போரும் வானொலிச் செய்தியாகக் கட்டத்தின் ஓரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். வருஷக்கணக்கில் சேர்ந்து வாழ்ந்த கிளாரிஸும் டோனியும் மெல்ல மெல்ல ஒருவருக்கொருவர் அலுத்துப்போவதை இருநூறு பக்கப் புத்தகத்தில் காட்டிவிட முடியாது. அந்த அலுப்பு வாசகருக்கும் உறைக்க அத்தனை வருஷம் வேண்டியிருக்கிறது.

தொடரில் குறை இல்லாமல் இல்லை. வசனம் கட்டத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். பல இடங்களில் எல்லாருமே மாலை நேரக் கூட்டத்தில் பேசுகிற மாதிரி பேசுவார்கள். உள்வட்டத்துக்காக எழுதப்பட்டது என்பதால் வெளியாள் பாதி நகைச்சுவையைத் தவறவிடுவார். வெளியுலகம் அதிலிருந்து எடுத்துக்கொண்டது 1985இல் வந்த ஒரே ஒரு துண்டைத்தான். ஒரு படத்தில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும், அவர்கள் தங்களுக்குள் ஆணைப் பற்றி அல்லாத ஏதாவது பேச வேண்டும் என்ற அந்தக் கேலி, இன்று ‘பெக்டெல் சோதனை’ என்ற பெயரில் சினிமா விவாதங்களில் புழங்குகிறது.

‘ஃபன் ஹோம்’ வேறு திறமையில் நிற்கிறது. பென்சில்வேனியாவின் பீச் கிரீக் என்ற சிற்றூரில் பெக்டெலின் அப்பா பள்ளி ஆசிரியர். குடும்பத் தொழிலான ஈமச்சடங்கு இல்லத்தையும் நடத்தியவர். மகள் தன் தன்பாலீர்ப்பைக் கடிதத்தில் வீட்டுக்கு எழுதிய சில மாதங்களில், 1980இல், லாரி மோதி இறந்தார். அவருக்கும் ஆண்கள்மேல் ஈர்ப்பு இருந்தது என்பது அந்தக் கடிதத்துக்குப் பின்னர்தான் மகளுக்குத் தெரிகிறது. புத்தகத்தின் நடுவே எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் நிறைத்து ஒரே படம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்த ஓர் இளைஞனை அப்பா எடுத்த புகைப்படம் அது. அதைப் பிடித்திருக்கும் மகளின் விரல்கள் ஏறக்குறைய நிஜ அளவில் வரையப்பட்டிருக்கின்றன. புகைப்படத்தின் விளிம்பில் அச்சாகியிருந்த வருஷத்தை யாரோ மையால் மறைத்திருக்கிறார்கள், மாதத்தை விட்டுவிட்டார்கள். ஒளித்தும் ஒளிக்காமலும் வாழ்ந்த மனிதரை இதைவிடச் சுருக்கமாக உரைநடையில் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. புகைப்படத்தை அப்படியே அச்சிட்டிருந்தால் அது வெறும் சான்றாக நின்றிருக்கும். கோடு கோடாகத் திரும்ப வரைந்ததால் மகள் அதை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்திருக்கிறாள் என்பதும் படத்துக்குள் வந்துவிடுகிறது. ஏழு வருஷம் பிடித்த இந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு உருவத்துக்கும் தானே அந்த நிலையில் நின்று படமெடுத்து, அதைப் பார்த்து வரைந்திருக்கிறார் பெக்டெல். அப்பாவின் உடல்மொழிக்கும் மகள்தான் மாதிரி.

புத்தகத்தின் பலவீனமும் அங்கேதான். அப்பாவின் ஆசை, வெட்கம், மரணம் எல்லாவற்றுக்கும் மகளின் உடலே அச்சாகும்போது, அவர் தனி மனிதராக இல்லாமல் அவளுடைய கதைக்கு முன்னுரையாகிறார். அந்த மரணம் தற்கொலை என்பதற்குச் சான்று இல்லை என்று பெக்டெல் ஒப்புக்கொள்கிறார், ஆனாலும் கதையின் கட்டுமானம் முழுவதும் அந்த ஊகத்தின் மேல்தான் நிற்கிறது. பதின்வயதுப் பையனுக்கு பீர் வாங்கிக்கொடுத்ததற்காக அப்பா நீதிமன்றப் படி ஏறிய சம்பவமும் புத்தகத்தில் இருக்கிறது. ஒளிந்து வாழ்ந்தவர் மேல் இரக்கம் பெருகப் பெருக, அந்தப் பையனைப் போன்றவர்கள் பக்கம் பேச யாரும் இல்லாமல் போகிறது. தன்வரலாறு என்றால் ஒருவர் கோணம்தான் என்று சமாதானம் சொல்லலாம். அது வடிவத்தின் எல்லையை விளக்குகிறதே தவிர, நியாயப்படுத்தவில்லை.

‘ஃபன் ஹோம்’ காட்டிய வழியில் வந்தவர்களில் அதிகம் பேசப்பட்டவர் மாயா கோபேப். ஆண், பெண் இரண்டிலும் தன்னைப் பொருத்திக்கொள்ள முடியாததை வீட்டாருக்குப் புரியவைக்க அவர் வரைந்த ‘ஜெண்டர் குயர்’ 2019இல் வந்தது. நேர்மையான, தெளிவான புத்தகம். பதினைந்து வயதில் தனியே தவிக்கும் ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய துணை என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பெக்டெலிடம் இருந்த சந்தேகம் இதில் இல்லை. ஒவ்வொரு நினைவும் ஒரு விளக்கத்தில் போய் முடிகிறது, படம் அந்த விளக்கத்துக்குத் துணைபோகிறது. 2021, 2022, 2023 மூன்று வருஷமும் அமெரிக்க நூலகச் சங்கத்தின் பட்டியலில் அதிக எதிர்ப்புக்கு ஆளான புத்தகம் இதுதான். இங்கே காமிக்ஸுக்கே உரிய ஒரு சங்கடமும் தெரிந்தது. நாவலை எதிர்ப்பவர் ஒரு பத்தியையாவது படித்துக்காட்ட வேண்டும். காமிக்ஸில் ஒரு கட்டத்தைப் பெரிதாக்கி, பள்ளி நிர்வாகக் கூட்டத்தில் தூக்கிப் பிடித்தாலே போதும். முன்னும் பின்னும் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. ‘ஃபன் ஹோமை’ மாணவர்களுக்குப் பரிந்துரைத்த சார்ல்ஸ்டன் கல்லூரிக்கு 52,000 டாலர் நிதியை வெட்ட 2014இல் தென் கரோலினா பிரதிநிதிகள் அவை வாக்களித்ததும் நடந்தது.

விளக்கிச் சொல்லும் சுமை ஜப்பானின் கெங்கோரோ தகாமே மேலும் விழுந்தது. தன்பாலீர்ப்பு ஆண்களுக்கான பத்திரிகைகளில் காமச் சித்திரங்கள் வரைந்து பேர் வாங்கியவர், பொது வாசகர்களுக்காக 2014 முதல் 2017 வரை ‘என் தம்பியின் கணவர்’ தொடரை வரைந்தார். இறந்துபோன தம்பியின் கனடாக்காரக் கணவர் மைக், அண்ணன் யாயிச்சியின் வீட்டுக்கு வருகிறார். அண்ணன் தம்பி இரட்டையர். போதையில் மைக் யாயிச்சியைக் கட்டிக்கொள்ளும்போது, யாரை அணைக்கிறோம் என்ற குழப்பத்துக்கு வசனம் தேவையில்லை. ஒரே முகம், அவ்வளவுதான். ஆனால் மைக் தப்பே செய்யாத விருந்தாளி. யாயிச்சிக்கும் வாசகருக்கும் மனம் மாற வேண்டும் என்பதால் அவருக்குக் கோபப்படக்கூட அனுமதி இல்லை.

அம்ருதா பாட்டீலின் ‘காரி’யை நான் மதிப்பது அதில் இந்த விளக்கும் சுமை இல்லை என்பதால்தான். 2008இல், தன்பாலுறவு இந்தியாவில் குற்றமாக இருந்த நாளில் வந்தது. பெயரில்லாத புகைமண்டிய பெருநகரம், விளம்பர நிறுவன வேலை, மேல்மாடியிலிருந்து குதித்து சாக்கடையில் விழுந்து பிழைத்த நாயகி. தான் யார் என்று அவள் எவருக்கும் விளக்குவதில்லை. சாகக்கிடக்கும் ஏஞ்சலோடு அவளுக்கு இருக்கும் நட்புக்குப் பெயர் வைக்கவும் பாட்டீல் மெனக்கெடவில்லை. குறை என்றால், காதலி ரூத் ஆரம்பத்திலேயே ஊரைவிட்டுப் போய்விடுகிறாள். பிரிவை இத்தனை அடர்த்தியாக வரைந்த கை, சேர்ந்து இருந்ததை ஏன் இவ்வளவு மங்கலாக விட்டது என்று கேட்கத் தோன்றுகிறது.

2025இல் பெக்டெல் ‘ஸ்பென்ட்’ என்ற காமிக் நாவலோடு வந்தார். அதில் ஆலிசன் என்ற பேருள்ள ஓவியர் வெர்மான்ட்டில் ஆடு வளர்க்கிறார். அவருடைய பழைய தன்வரலாற்றுப் புத்தகம் தொலைக்காட்சியில் அடையாளம் தெரியாமல் உருமாறிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ஒரே வீட்டில் பழைய தொடரின் லோயிஸ், ஜிஞ்சர், ஸ்பாரோ, அவளுடைய இணை ஸ்டூவர்ட், எல்லாரும் தலை நரைத்து. பழைய தொடரின் காரம் இதில் குறைவு. வசதி வந்தவர்களின் குற்றவுணர்ச்சியைக் கேலி செய்வது சீக்கிரமே தீர்ந்துபோகிற சரக்கு. ஆனாலும் அறுபதைத் தாண்டியவர்கள் யாரோடு படுப்பது, யார் வீட்டில் சமைப்பது, பிள்ளை சொல்வதைக் கேட்பதா வேண்டாமா என்று குழம்பும் பக்கங்களில் பழைய பெக்டெல் தெரிகிறார். இந்த வயதுக்காரர்களின் வீட்டுக்குள் போய் வரைந்த புத்தகங்களை இந்த வகைமையில் இன்னும் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.