மதிலும் பையும்: ஒரு விளம்பரப் படத்தின் திறனாய்வு

பொருளின் சிறப்பை எடுத்துக்கூறி அதனை விற்பது வணிகத்தின் பழைய வழக்கு. பொருளைப் பற்றி யாதும் கூறாது, புகழ்பெற்ற ஒருவரை அதன் அருகே இருத்தி விற்பது பிற்கால வழக்கு. இவ்வழக்கு முதிர்ந்த நிலையை அறிய விழைவோர்க்கு, பாரிஸ் நகரத்து லூயி வித்தோன் நிறுவனம் 2007ஆம் ஆண்டில் வெளியிடத் தொடங்கிய விளம்பரப் படங்கள் தக்க சான்றாகும். அவற்றுள் மிக்கேல் கொர்பச்சேவ் தோன்றும் படம் தனித்து ஆராயத்தக்கது.

லூயி வித்தோன் 1854இல் பயணப் பெட்டி செய்யும் தொழிலைத் தொடங்கியவர். அக்காலத்துப் பெட்டிகள் மழைநீர் வழிந்தோடும் பொருட்டு வளைந்த மூடி உடையனவாய் இருந்தன. அவர் தட்டையான மூடியமைத்து, பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வழிசெய்தார். புகைவண்டியும் நீராவிக் கப்பலும் பெருகிய காலத்தில் அது மெய்யான பயன். ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின் அந்நிறுவனத்தின் பையை வாங்குவோர் நாடுவது பயனை மட்டுமன்று. அதனோடு வரும் மதிப்பையும் ஆகும். ஆதலின் விளம்பரமும் பெட்டியின் உறுதியைப் பேசுதலை விடுத்து, பயணம் என்னும் கருத்தைப் பற்றிக்கொண்டது.

அனி லீபோவிட்ஸ் எடுத்த அப்படத்தில், சோவியத்து ஒன்றியத்தின் இறுதித் தலைவர் மோட்டார் வண்டியொன்றின் பின்னிருக்கையில் அமர்ந்திருக்கின்றார். கண்ணாடிக்கு அப்பால் பேர்ளின் மதிலின் எஞ்சிய பகுதி தோன்றுகின்றது. அவர் அருகே, இருக்கையின்மேல், பை. 1961இல் எழுந்து 1989 நவம்பர் 9ஆம் நாள் திறந்த அம்மதிலின் வரலாற்றில் அவருக்குரிய இடத்தை உலகம் அறியும். கிழக்கு ஐரோப்பாவின் மாற்றங்களைப் படைகொண்டு அடக்க அவர் முற்படாமையே, மதில் குருதி சிந்தாது திறந்தமைக்குரிய காரணங்களுள் ஒன்று. பைக்கோ அவ்வரலாற்றில் யாதோர் இடமும் இல்லை.

படம் குறிப்பாற் பேசுகின்றது. குறிப்பாற் பொருளுணர்த்தல் தமிழ்ச் செய்யுளுக்குப் புதிதன்று. அகப்பாடலின் உள்ளுறையில், பொய்கைத் தாமரையை மேயும் எருமை தலைவனின் ஒழுக்கத்தைச் சுட்டி நிற்கும். அங்கே காட்சிக்கும் கருத்துக்கும் இயைபு உண்டு; அவ்வியைபே கற்போர்க்கு இன்பம் தருவது. இப்படத்திலோ இயைபு இல்லை. அருகிருத்தலே இயைபாகக் காட்டப்படுகின்றது. மதிலையும் மனிதரையும் நோக்கிய கண், அதே மதிப்போடு பையையும் நோக்குமாறு செய்யப்படுகின்றது.

எனினும் படம் கலைத்திறம் அற்றதெனக் கூறுதல் நேர்மையன்று. விளம்பரத்துக்கு வழக்கமான புன்னகை அம்முகத்தில் இல்லை. முதுமையும் தனிமையும் மறைக்கப்படவில்லை. அழகியரின் இளமையையே நம்பிவந்த ஒரு துறையில், எழுபத்தாறு வயதினர் ஒருவரின் சிந்தனை முகத்தை முன்வைத்தமை துணிவே ஆகும்.

அத்துணிவுக்கு எதிர்பாராத விளைவொன்றும் நேர்ந்தது. பையினின்று வெளித்தெரிந்த ரஷ்ய மொழிச் சஞ்சிகையின் தலைப்பு, 2006இல் இலண்டனில் நஞ்சூட்டப்பட்டு இறந்த அலெக்சாண்டர் லித்வினென்கோவின் கொலையைப் பற்றியதெனப் பார்த்தோர் கண்டுகொண்டனர். உட்பொருள் எதனையும் கருதி அதனை வைக்கவில்லை என விளம்பரத்துக்குரியோர் மறுத்தனர். அம்மறுப்பை ஏற்பினும் ஓர் உண்மை எஞ்சுகின்றது. வரலாற்றை அணிகலனாக அழைத்துவந்தால், அது தன் வழக்குகளையும் உடன் கொண்டே வரும்.

அதே வரிசையில் 2009இல் விண்வெளி வீரர் மூவர் இரவு வானை நோக்கினர்; 2012இல் முகம்மது அலி தம் பேரனை நோக்கி அமர்ந்தார். வியட்நாம்ப் போருக்குச் செல்ல 1967இல் மறுத்துத் தம் பட்டத்தை இழந்தவர் அலி. அவ்விழப்பாற் பெற்ற பெருமையும் ஈண்டு ஒரு பையின் பின்னணியாயிற்று.

இப்பெரியோர் தம் விருப்பினாலேயே தோன்றினர் என்றும், கொர்பச்சேவ் படத்தையொட்டிச் சுற்றாடல் காக்கும் பணிக்கு நன்கொடை வழங்கப்பட்டது என்றும் கூறலாம். இவை உண்மையே. ஒருவர் தம் முகத்தை இரவல் கொடுக்க உரிமையுடையவர் என்பதிலும் ஐயமில்லை. ஆயின் மதில் அவர் ஒருவரின் உடைமையன்று. அதனருகே குறைந்தது நூற்று நாற்பதின்மர் உயிர்நீத்தனர். அவர்களுட் பலர் அதனைக் கடக்க முயன்றபோது சுடப்பட்டவர். அவர்களும் பயணம் புறப்பட்டவர்களே. அவர்களிடம் எவரும் இசைவு கேட்கவில்லை. கேட்டல் இயலவும் இயலாது.

புகழ் தனியொருவர்க்கு உரியதாகலாம். வரலாறு அதில் துன்புற்றார் அனைவர்க்கும் உரியது. இவ்வேறுபாட்டை அறியாமையே இப்படத்தின் பெருங்குறை. மதிலையும் மனிதரையும் எடுத்துவிட்டால் எஞ்சுவது ஒரு நல்ல தோற்பை. பையை எடுத்துவிட்டாலோ படத்துக்கு யாதொரு குறையும் நேராது.