ஹார்ட்லி படுத்தும் பாடு

ஓசைப்படாமல் நடப்பதற்கு 'சல்கும்சல்கும்', உட்கார்ந்தபடி தூங்கி விழுவதற்கு 'குபொக்குபொக்' என்று கொரிய மொழியில் இரட்டித்து வரும் சொற்கள் ஏராளம். நம் இரட்டைக்கிளவிக்கு நெருங்கிய உறவு. ஆங்கிலமோ பல இடங்களில் அந்த விதத்தை வினைக்குள்ளேயே வைத்துவிடுகிறது: 'டிப்டோ', 'டோஸ்'. ஆகவே கொரிய மாணவருக்கு விதத்தையும் அளவையும் சொல்லும் ஆங்கிலத் தொடர்களை முழுசாகவே கற்பிப்பதுதான் சரி. சான்றுக்கு 'ஹார்ட்லி' ஒன்றே போதும். இறைச்சி அநேகமாகச் சாப்பிடுவதில்லை என்பதற்குக் கொரிய மொழியில், தமிழைப் போலவே, வினையை மறுத்தாக வேண்டும். ஆங்கிலத்தில் ஹார்ட்லியே மறுப்பைச் சுமக்கிறது. பழக்கதோஷத்தில் 'டோன்ட்' சேர்த்தால் வாக்கியம் கெட்டது. இலக்கணமில்லாத மனப்பாடம் கிளிப்பிள்ளைப் பாடம் என்பார்கள். விதி தெரிவது நல்லதுதான். ஆனால் பேச்சு வேகத்தில் அதை யோசிக்க ஏது நேரம்? 'ஐ ஹார்ட்லி ஈட் மீட்' நாக்கில் படிந்துவிட்டால் 'ஐ ஹார்ட்லி ஸ்லீப்' தானாக வரும்; விதியும் அதிலிருந்தே பிடிபடும்.