துடுப்பை மறைத்த துதி

கிரேஸ் டார்லிங் குறித்து வேர்ட்ஸ்வொர்த் 1843இல் எழுதிய கவிதையை மாணவியாக வாசித்தபோது ஓரிடத்தில் கண் கலங்கினேன். இப்போது அதே இடத்தில்தான் எரிச்சல் வருகிறது.

1838 செப்டம்பர் 7. இங்கிலாந்தின் வடகிழக்கே, ஃபார்ன் தீவுகளருகே ஃபோர்ஃபர்ஷயர் என்ற நீராவிக் கப்பல் பாறையில் மோதி உடைந்தது. லாங்ஸ்டோன் கலங்கரை விளக்கக் காப்பாளர் வில்லியமும் அவருடைய 22 வயது மகள் கிரேஸும் 21 அடி மரப்படகைக் கடலில் இறக்கினார்கள். நேர்வழியில் போனால் படகு தாங்காது. தீவுகளின் மறைவில் சுற்றிக்கொண்டு ஏறத்தாழ ஒரு மைல் துடுப்பு வலித்தார்கள். பிழைத்தவர்களை ஏற்றத் தந்தை பாறைமீது தாவினார். அவ்வளவு நேரமும் படகு பாறையில் அடித்து நொறுங்காமல், முன்னும் பின்னும் வலித்து நிறுத்திவைத்தவர் கிரேஸ். தனியாக. பொங்கும் கடலில் படகைச் செலுத்துவதைவிட ஒரே இடத்தில் நிறுத்துவது கடினம் என்பது துடுப்புப் பிடித்தவர்களுக்குத் தெரியும்.

கவிதையில் இந்தக் காட்சி இல்லை. ஆளுக்கொரு துடுப்பைப் பற்றுவதை, கைகள் வலுவேறுவதை வேர்ட்ஸ்வொர்த் சொல்லத்தான் செய்கிறார். அதை மறுக்க மாட்டேன். ஆனால் பாறை நெருங்கியதும் பார்வை, அங்கே தவித்து நிற்பவர்களின் கண்களுக்கு மாறிவிடுகிறது. வருபவள் பெண்ணா, வானம் இரங்கி அனுப்பிய காவல் தெய்வமா என்று அவர்களுக்கு ஐயம். (நான் கலங்கிய இடம் இதுதான்.) உடனே கவிஞர், கதையை ஏன் நீட்டவேண்டும் என்று தானே கேட்டுக்கொண்டு, எல்லோரையும் ஒரே நடையில் கரைசேர்த்துவிடுகிறார். உண்மையில் இரண்டு நடை. இரண்டாவது நடைக்குத் தந்தையோடு மீட்கப்பட்ட மாலுமிகள் சிலர் போனார்கள்.

ஆக, அவருடைய திறமை மிகுதியாகத் தேவைப்பட்ட நிமிடத்தில்தான் அவர் தெய்வமாகிறார். தெய்வத்துக்குத் தோள் வலிக்காது, உள்ளங்கை தோலுரியாது.

அதே காலத்தில் தமார் ஆற்றங்கரைச் சால்டாஷில் ஆன் கிளான்வில் இருந்தார். 14 பிள்ளைகளின் தாய். படகு வலித்துப் பிழைத்தவர். பெண்கள் அணியோடு பந்தயங்களில் வென்று புகழ்பெற்றவர். அவரைத் துதிக்க வந்தவர்கள் துடுப்பைத் தவிர்த்திருக்க முடியாது. கிரேஸின் துடுப்பும் வருடக்கணக்கான பழக்கம்தான். தீவில் வளர்ந்த பெண் அவர்.

கிரேஸ் 1842இல், 26 வயதில் காசநோயால் இறந்தார். அதற்கு முன்பே ஊர் ஊராக அவருக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன, தலைமுடிக் கற்றை ஒன்று அனுப்பச் சொல்லி.