ஏபிசி, பிக்யூஆர் ஆனபோது

எங்கள் அஸ்தம்பட்டி தெருவில் பத்தாவது படிக்கிற பெண் ஒருத்தி சாயங்காலங்களில் கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வருவாள். போன வாரம் பிதாகரஸ் தேற்றத்தை நிரூபித்துக் காட்டினாள். முக்கோணம் ஏபிசி, ஏ-வில் செங்கோணம், அங்கிருந்து பிசி மேல் செங்குத்துக்கோடு ஏடி. பிறகு வடிவொத்த முக்கோணங்கள், விகிதம், கூட்டல், முடிந்தது. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. ஸ்கேல் வைத்த கோடு, கடைசி வரிக்குக் கீழே ரெண்டு கோடு. ஐந்துக்கு ஐந்து போடலாம்.

சும்மா ஒரு விளையாட்டுக்குக் கேட்டேன்: "முக்கோணத்துக்கு பிக்யூஆர்னு பேர் வெச்சுக்கோ. க்யூ-ல செங்கோணம். இப்பப் போடு." பி-யிலிருந்து க்யூஆர் மேல் செங்குத்து வரைய ஆரம்பித்தாள். முதல் எழுத்திலிருந்துதானே கோடு இறங்க வேண்டும்! ஆனால் செங்கோணம் க்யூ-வில் இருப்பதால் அந்தக் கோடு பிக்யூ என்ற பக்கத்தின் மேலேயே போய் ஒட்டிக்கொண்டது. அழித்தாள், மறுபடி வரைந்தாள். "மாமா, கோடு உள்ள விழ மாட்டேங்குதுங்க" என்றாள்.

இந்தப் பெண் மக்கு இல்லை. கணக்கில் எழுபதுக்குக் கீழே வாங்கியதே இல்லை. எனக்கு அதுதான் கலக்கமாக இருந்தது.

பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளைப் பாருங்கள். 14 ஒரு மார்க், 10 இரண்டு மார்க், 10 ஐந்து மார்க், 2 எட்டு மார்க், மொத்தம் 100. அந்த எட்டு மார்க் ரெண்டும் ஜியாமெட்ரியும் கிராஃபும். மெல்லக் கற்கும் பிள்ளைகளிடம் "ரெண்டையும் போட்டுப் பழகு, 16 கையில, மிச்சத்தை ஒன் வேர்டுல தேத்திக்கலாம்" என்பார்கள். 35 வாங்க வேண்டிய பிள்ளைக்கு அது ஒரு வழி, நான் குறை சொல்லவில்லை. கவனிக்க வேண்டியது 28ஆவது, 42ஆவது கேள்விகளை. இரண்டும் கட்டாயக் கேள்விகள், சாய்ஸ் கிடையாது. புத்தகத்தில் அப்படியே இல்லாத கணக்கு வருவதும் பெரும்பாலும் அங்கேதான். இத்தனை பெரிய தாளில் யோசிப்பதற்கென்று ஒதுக்கிய இடம் அவ்வளவுதான். அதையும் "விட்டுட்டுப் போ, ஏழு மார்க்தானே போகும்" என்று சொல்லித்தரும் ஆட்கள் இருக்கிறார்கள்.

இது கணக்கோடு நிற்கிற சங்கதி இல்லை. தமிழ்த் தாளில் 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்று ஒரு கேள்வி உண்டு. படம் ஒன்றைக் கொடுத்து உன் மனசில் தோன்றுவதை எழுது என்கிறார்கள். கேள்வியை உருவாக்கியவர் நல்ல மனசோடுதான் உருவாக்கியிருப்பார். நடப்பது என்ன? எந்தப் படத்துக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு கவிதை கைடுகளில் தயாராக இருக்கிறது. மரம் நட்டாலும் சரி, மழையில் குடை பிடித்தாலும் சரி, அதே கவிதை. படத்தைப் பார்க்கவே தேவையில்லாத 'காட்சியைக் கண்டு'! மொழிப்பாடத்திலும் கணக்கிலும் நோய் ஒன்றுதான். எழுதுவது என்பது முன்பே இருக்கிற ஒன்றை இறக்கி வைப்பது. எழுதும்போது எதுவும் நடப்பதில்லை.

இந்த மனப்பழக்கத்துக்கு நம் சேலம்-நாமக்கல் பக்கம் ஒரு தொழிற்சாலையே இருந்தது. மாநில ரேங்க் பட்டியல் வந்த காலத்தில் நாமக்கல் விடுதிப் பள்ளிகளின் பெயர் வராத வருடம் குறைவு. பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போடுவது பல இடங்களில் ரகசியமே இல்லை. அதை உடைக்கத்தான் 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். ரேங்க் அறிவிப்பையும் 2017இல் நிறுத்தினார்கள். 2018 செப்டம்பரிலேயே அந்த மார்க் உயர்கல்விக்குக் கணக்கில் வராது என்றாயிற்று. 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு தேர்வே போய்விட்டது. பிள்ளைகளின் மன அழுத்தம் குறையும், நல்லதுதான். ஆனால் உருப்போடுவதை இன்னொரு தேர்வு வைத்துத் தடுக்கலாம் என்று நம்பியதே எனக்கு விசித்திரமாகப் படுகிறது. தேர்வு கூடினால் உருப்போடுவதற்கு இன்னொரு புத்தகம் கூடுகிறது, அவ்வளவே.

மாற்று முயற்சியே நடக்கவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் ஐஏஎஸ் முன்னெடுத்த செயல்வழிக் கற்றல் பிறகு மாநிலம் முழுக்கப் போனது. அதன் தொடர்ச்சியாக மேல் வகுப்புகளுக்குப் 'படைப்பாற்றல் கல்வி' வந்தது. எனக்குப் பிடித்தது இதுதான். பாடம் கணக்கோ அறிவியலோ சமூக அறிவியலோ, முறை ஒன்றே: படி, புதுச் சொல்லை அடிக்கோடிடு, மனவரைபடம் போடு, குழுவில் பேசு, தொகுத்துச் சொல், பிறகு உன் சொல்லில் எழுது. எல்லா ஆசிரியரும் எழுத்துக் கற்றுத்தரும் ஆசிரியர்தான் என்ற எண்ணம் அதற்குள் இருந்தது. இங்கிலாந்தில் 1975இல் வந்த புல்லக் அறிக்கை ஒரு முழு அத்தியாயமே எழுதிச் சொன்ன விஷயம். நம் தேசியக் கலைத்திட்டம் 2005ம் கிட்டத்தட்ட அதையே சொன்னது.

எங்கே சறுக்கியது? நான் புரட்டிப் பார்த்த நோட்டுகளில் மனவரைபடம் கரும்பலகையிலிருந்து காப்பி அடித்த படமாக இருந்தது. நாற்பது நோட்டிலும் அதே மூன்று கிளை, அதே ஸ்கெட்ச் பேனா நிறம். பின்னால் 2012-13இல் முப்பருவ முறை வந்து வளரறி மதிப்பீட்டுக்கு 40 மார்க் வைத்தபோது செயல்திட்டம் என்பது ஸ்டேஷனரி கடைச் சமாச்சாரம் ஆனது. "அண்ணா, நீர்ச் சுழற்சி சார்ட் இருக்கா?" என்று கேட்டால் கடைக்காரரே எடுத்துக் கொடுப்பார். இதில் ஆசிரியரை மட்டும் திட்டுவது அநியாயம். நாற்பது பிள்ளைகள் நாற்பது விதமாக எழுதினால் நாற்பதையும் உட்கார்ந்து படிக்க வேண்டும். ஒரே மாதிரி எழுதினால் டிக் போட்டுக்கொண்டே போகலாம். அந்த நேரத்தை யாரும் அவர்களுக்குத் தரவில்லை.

ஜேம்ஸ் பிரிட்டனும் அவர் குழுவும் 11 முதல் 18 வயது வரையான பிள்ளைகள் பள்ளியில் எழுதிய 2,000க்கும் மேற்பட்ட எழுத்துகளைச் சேகரித்து, ஒவ்வொன்றும் யாருக்காக எழுதப்பட்டது என்று பிரித்தார்கள். ஏறத்தாழப் பாதி, திருத்தி மார்க் போடும் ஆசிரியருக்காக. அந்த ஆசிரியருக்கோ விடை முன்பே தெரியும். தெரிந்தவருக்கே தெரிந்ததைச் சொல்வதில் விளக்க என்ன இருக்கிறது? நம் வகுப்பில் எண்ணினால் பாதியோடு நிற்குமா?

எதிர்ப்பக்கத்தில் ஒரு வாதம் உண்டு, அதையும் நான் ஏற்கவில்லை. 'சிந்தனைத் திறன்' என்று தனி வகுப்பு, தனி ஒர்க்‌ஷீட், தனிக் கட்டணம். பாடத்தை விட்டுத் தனியாகச் சிந்திக்கக் கற்றுத்தர முடியும் என்பது ஏமாற்று. வேதியியலில் சமன்பாட்டைச் சரிபார்ப்பதும் வரலாற்றில் ஒரு கல்வெட்டை எவ்வளவு நம்பலாம் என்று பார்ப்பதும் ஒரே திறன் இல்லை. ஒன்றில் தேர்ந்தவர் இன்னொன்றில் தடுமாறுவார். எல்லாவற்றுக்கும் பொது என்று நான் நினைப்பது ஒன்றுதான்: செய்து முடித்த பிறகு திரும்பிப் பார்ப்பது. ஜார்ஜ் போல்யா 1945இல் எழுதிய கணக்குப் போடும் கலை பற்றிய சின்னப் புத்தகத்தில் நான்கு படிகள் சொல்கிறார். புரிந்துகொள், திட்டமிடு, செய், திரும்பிப் பார். நம் விடைத்தாளில் மூன்றாவதற்கு மட்டும்தான் இடம்.

அதற்காக மனப்பாடத்தை நான் பழிக்க வரவில்லை. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை முழுக்க மனசில் ஏற்றியவர்கள் அதை வைத்து நெல் அளந்தார்கள், நிலம் அளந்தார்கள். அங்கே மனப்பாடம் ஒரு கருவி என்பதை ஆய்வாளர் செந்தில்பாபு விரிவாக எழுதியிருக்கிறார். காரிநாயனாரின் 'கணக்கதிகாரத்தில்' பலாப்பழத்தை வெட்டாமலே சுளை எண்ணுவதற்கு ஒரு விதி இருக்கிறது. காம்பை ஒட்டிய சிறு முட்களை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகு. நூறு முள் என்றால் 120 சுளை. ஏன் ஆறு, ஏன் ஐந்து? பாட்டில் காரணம் இல்லை. சீசனில் கொல்லிமலைப் பலா நம் ஊருக்கு வண்டி வண்டியாய் இறங்குகிறது. பத்துப் பழத்தை எண்ணி, விதி எங்கே பொருந்தியது, எங்கே பொருந்தவில்லை, 'காம்பை ஒட்டிய' என்றால் எத்தனை வரிசை என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னால் அதில் தமிழ், கணக்கு, தாவரவியல் மூன்றும் வந்துவிடும். (நான் ஒரு பழத்தில் முயன்றேன். கை பிசுபிசுத்ததுதான் மிச்சம், பாதியில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று.)

இதெல்லாம் வெறும் ஆதங்கம் என்பவர்கள், 15 வயதுப் பிள்ளைகளுக்கான பிசா தேர்வில் தமிழ்நாடு கலந்துகொண்டதை நினைத்துப் பார்க்கலாம். 2011 டிசம்பரில் முடிவு வந்தபோது 74 பங்கேற்பாளர்களில் நாமும் இமாச்சலமும் கடைசி மூன்றுக்குள் இருந்தோம். கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி இந்தியா அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் பிக்யூஆர் நம் சூழல்தானே?

அந்தப் பெண்ணிடம் திரும்புகிறேன். "ஏன் சாமி, அந்தக் கோட்டை எதுக்குப் போடறோம்? எட்டாவது படிக்கிற உன் தம்பிக்குப் புரியற மாதிரி எழுது" என்றேன். இருபது நிமிடம் ஆயிற்று. இரண்டு தாள் கசங்கியது. கடைசியில் எழுதியது இது: "செங்கோணம் இருக்கிற மூலையிலிருந்து எதிர்ப் பக்கத்துக்குக் கோடு போட்டால், பெரிய முக்கோணம் மாதிரியே ரெண்டு குட்டி முக்கோணம் கிடைக்கும். அதனால் விகிதம் எழுதலாம். எழுத்து எதுவானாலும் பரவாயில்லை." அப்புறம் பிக்யூஆர் தானாக வந்தது.

நோட்டை மூடிக்கொண்டே கேட்டாள்: "இதையும் எக்ஸாம்ல எழுதினா மார்க் போடுவாங்களா மாமா?"

போட மாட்டார்கள் என்றுதான் சொன்னேன். அந்தத் தாளைக் கிழித்துத் தம்பியிடம் கொடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் அவன் வந்தான், ஒரு சந்தேகத்தோடு: செங்கோணமே இல்லாத முக்கோணத்தில் அந்தக் கோட்டைப் போட்டால் என்ன ஆகுமாம்.