விஞ்ஞானப் பறவை ஓவியமும் வகைமாதிரியும்

விஞ்ஞானத் தேவைக்காக வரையப்படும் பறவை ஓவியம் கலையாகாது, அது வெறும் நகலே என்னும் எண்ணம் பரவலாக உண்டு. ஓவியரின் செயற்பாட்டைக் கூர்ந்து நோக்கின் இவ்வெண்ணம் நிலைபெறாது.

ஒளிப்படம் ஒரு பறவையின் ஒரு கணத்தைப் பதிவுசெய்கிறது. ஓவியரோ முறிந்த இறகு, தற்செயலான நிழல் முதலியவற்றை விலக்கி, அலகின் வளைவு, சிறகுகளின் ஒழுங்கு, விரல்களின் அமைப்பு என்பவற்றைத் தெளிவுறுத்தி, இனத்துக்குரிய இயல்பைத் தனியொரு பறவையினூடே காட்டுகிறார். 1934 இல் வெளிவந்த ரோஜர் டோரி பீற்றர்சனின் கையேடு தொடக்கம் இன்றுவரை இனங்காண் நூல்கள் பல ஓவியத்தையே நாடுவதற்கு இது முக்கிய காரணமாகும். யதார்த்தவாதத்தை இயற்பண்புவாதத்தினின்றும் வேறுபடுத்த லூக்காச் வற்புறுத்திய 'வகைமாதிரி' என்னும் கருத்து இங்கு நினைவுக்கு வருவது இயல்பே.

ஆயின் இவ்வொப்புமைக்கு ஓர் எல்லையுண்டு. கல்கத்தாவில் 1777 முதல் மேரி இம்பேக்காக வரையப்பட்ட ஓவியங்கள் இதனை உணர்த்துவன. அவருடைய கணவர் எலைஜா இம்பே, கும்பனி ஆட்சியின்கீழ் அங்கு நிறுவப்பட்ட உயர் நீதிமன்றத்தின் முதற் பிரதம நீதியரசர். 1775 இல் மகாராஜா நந்தகுமாருக்குத் தூக்குத்தண்டனை விதித்த நீதிமன்றத்துக்குத் தலைமை வகித்தவர். பட்னாவைச் சேர்ந்த ஷெய்க் சைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் ஆகிய மூவரும் அவர்கள் வீட்டில் வளர்க்கப்பட்ட உயிரினங்களை இங்கிலாந்திலிருந்து வந்த தாளில் வரைந்தனர். முகலாய மரபுவழி வந்த நுண்தூரிகைத் திறன், பழைய புரவலர் வர்க்கம் நலிவுற்ற நிலையில், புதிய ஆளும் வர்க்கத்தின் தேவைக்குப் பயன்படலாயிற்று.

இவ்வோவியங்களில் பறவை வெண்மையான வெளியில் நிற்கிறது. சிலவற்றில் ஒரு கிளையும் பூச்சியும் உள்ளன. 1770 இன் பெரும் பஞ்சத்தைக் கண்ட வங்காளத்தின் சுவடு எதுவும் இல்லை. பறவையின் வகைமாதிரி சூழலிலிருந்து பிரித்தெடுப்பதனாற் பெறப்படுகிறது. இலக்கியத்தின் வகைமாதிரியோ சமூக உறவுகளின் முரண்பாட்டுக்குள்ளேயே உருவாகிறது. விஞ்ஞான ஓவியத்தின் வெண்மையை இலக்கியத்துக்கு இலட்சியமாக்குவோர் இவ்வேறுபாட்டை மறக்கின்றனர்.

அதேவேளை, இவ்வோவியங்களைக் குடியேற்றவாதத்தின் கருவியென ஒரு சொல்லில் ஒதுக்குவதும் பொருந்தாது. அவ்வாறு ஒதுக்கும்போது ஓவியரின் அறிவும் உழைப்பும் சேர்த்தே ஒதுக்கப்படுகின்றன. 1790 இல் ஜோன் லேதம் இமயமலை மோனாலுக்கு வழங்கிய விஞ்ஞானப் பெயர் இம்பேயை நினைவுகூர்கிறது. ஓவியரின் பெயர்களோ தாள்களின் ஓரத்திற் பாரசீக எழுத்தில் எஞ்சின. 2019 இல் இலண்டன் வாலஸ் கலைக்கூடத்தில் நடைபெற்ற கண்காட்சி இவர்களைக் கலைஞர்களாகவே முன்வைத்தது வரவேற்கத்தக்கது. எனினும் பெயரை மீட்பதுடன் பணி முடிந்துவிடாது. அத்திறன் எவ்வுற்பத்தி உறவுகளுள் இயங்கியது என்பதை விளக்குவதும் விமர்சகரின் கடமையாகும்.