ஊக்கியின் அகமும் ஒளியின் சாட்சியும்

லிங்கநகர் முதலிய துறைமுகப் பகுதிகளில் வாழ்வோர்க்குச் சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்கள் புதியன அல்ல. பிரித்தானியர் ஆட்சியில் எழுந்த அவற்றைக் குறித்து அரசியலார் பேசியது மிகுதி. எண்ணெய் எவ்வாறு தூய்மை பெறுகின்றது என இரசாயன மாணவர் வினவுவதோ அரிது. டீசல் முதலியவற்றிற் கலந்துள்ள கந்தகத்தை ஐதரசனோடு சேர்த்து அகற்றுதற்கு உதவுவன, அலுமினாவின்மேல் மொலிப்டினத்தையும் கோபாற்றையும் ஏற்றிச் செய்யப்படும் ஊக்கிகளாம்.

அவற்றின் செய்முறை எளிது. நுண்டுளைகள் நிறைந்த அலுமினாவைச் சில மில்லிமீற்றர் அளவினவாகிய சிறு கோல்களாக்கி, துளைகள் கொள்ளுமளவு உலோகக் கரைசலை ஊட்டி, உலர்த்திச் சுடுவர். ஊட்டியபின் கோலினுள்ளே நிகழ்வது யாது என்பதுதான் நெடுங்காலம் மறைபொருளாய் இருந்தது. முடிந்த ஊக்கியை இலத்திரன் கற்றையால் ஆராயின் மொலிப்டினம் எங்கே, எவ்வளவு உள்ளதென்பது புலனாகும். எவ்வடிவில் அங்குச் சென்றதென்பது புலனாகாது. உலை கொதித்த விதத்தை வடித்த சோற்றைக் கண்டு கணிக்கும் முயற்சி அது.

இந்நிலையை மாற்றியது, நெதர்லாந்தின் உத்திரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்க்வெர்ஃப், வெக்ஹாய்சன் முதலியோர் 2004ஆம் ஆண்டில் அமெரிக்க இரசாயனக் கழகத்தின் சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வு. 1928இல் கல்கத்தாவில் இராமனும் கிருஷ்ணனும் கண்ட ஒளிச்சிதறலே அவர்தம் கருவி. அவ்விருவரும் தமிழகத்தில் தோன்றியவர் என்பதில் நாம் மகிழலாம். அம்மகிழ்ச்சி கருவியின் குறைகளை மறைத்தல் ஆகாது.

கரைசல் ஊட்டிய கோல்களைக் குறித்த நேரங்களில் வெட்டி, வெட்டுமுகத்தின் பல புள்ளிகளில் இராமன் நிறமாலையை எடுத்தனர். அமிலக் கரைசலில் ஏழு மொலிப்டின அணுக்களைக் கொண்ட அயன் அலுமினாவை இறுகப் பற்றியது; ஆதலின் உள்ளே மெல்லவே சென்றது. அன்றியும், வெளிவிளிம்பருகே ஓர் அலுமினிய அணுவைச் சூழ ஆறு மொலிப்டின அணுக்கள் அமைந்த புதிய அயன் பெரிதும் தோன்றியது. தாங்கி என்று பெயர் பெற்ற அலுமினா வாளா தாங்கி நிற்கவில்லை. தானே கரைந்து வினையில் ஈடுபட்டது! காரக் கரைசலைக் கொள்ளினும், சித்திரேற்று, பொசுபேற்று ஆகியவற்றைச் சேர்ப்பினும் அப்பற்று தளர்ந்து, மொலிப்டினம் எங்கும் சமமாகப் பரவியது.

முடிபு சிறந்ததே, அதனைத் தாங்கி நிற்கும் அளவைமுறையே ஆராய்தற்குரியது. நிறமாலைக் கோட்டின் உயரம் மட்டும் அளவைக் காட்டாது. ஒளி குவியும் விதம் புள்ளிக்குப் புள்ளி மாறும். எனவே கரைசலில் நைத்திரேற்றைச் சேர்த்து, அதன் கோட்டை அளவுகோலாகக் கொண்டனர். நுட்பமான உபாயம் இது. ஆயினும் நைத்திரேற்று எங்கும் ஒரே செறிவில் உள்ளது என்னும் கொள்கையின்மீதே கணக்கு முழுதும் நிற்கின்றது. அமில ஊடகத்தில் அலுமினாவின் மேற்பரப்பு நேரேற்றம் பெறும், நைத்திரேற்றோ எதிரேற்றமுடையது. அதன் பற்று மிக மெலிது என்பது உண்மை. மெலிது என்பதும் இல்லை என்பதும் ஒன்றாகா. முழங்கோலே நீண்டு சுருங்குமாயின் துணியின் அளவை எங்ஙனம் நம்புவது?

மற்றொரு தடையும் உண்டு. வெட்டிய கோல் மீளப் பொருந்தாது. ஆதலின் முதல் நிமிடத்திற் கண்டது ஒரு கோல், பல மணி கழித்துக் கண்டது வேறொரு கோல். வெவ்வேறு கோல்களின் படங்களை நிரல்பட வைத்து ஒரே கோலின் வரலாறாக வாசிக்கின்றோம். கோல்கள் யாவும் ஒருதன்மையன என்பதைப் பல கோல்களை வெட்டியே நிறுவவேண்டும்.

இக்குறையை நோவோசிபிர்ஸ்க் ஆய்வாளரும் உத்திரெக்ட் குழுவினரும் 2007இல் வெளியிட்ட காந்தப் பரிவுப் பட ஆய்வு தீர்த்தது. கோபாற்று அயன் தன்னைச் சூழ்ந்த நீரின் காந்தப் பரிவை மாற்றும். அம்மாற்றத்தைக் கொண்டு, வெட்டாத ஒரே கோலினுள் அதன் செலவைத் தொடரலாம். எனினும் இக்கருவி நேரே காண்பது நீரையே; கோபாற்றின் இருப்பை அதிலிருந்து உய்த்துணரவேண்டும். காந்தத்தன்மை அற்ற மொலிப்டின அயன் அவ்வழியிற் சிக்குவதில்லை. இராமன் முறை வடிவை அறிந்து உடலை அழிக்கின்றது. பரிவு முறை உடலைக் காத்து வடிவை ஊகிக்கின்றது.

இரண்டும் ஈரநிலையையே பெரிதும் கண்டன. உலர்த்துங்கால் நீர் வெளிமுகம் நோக்கி நகர, சமமாகப் பரவிய உலோகமும் விளிம்புக்கு மீளக்கூடும். சுடுங்கால் அயன்களின் உருவே அழியும். எண்ணெய் சந்திப்பது சுட்ட ஊக்கியை. ஈரக் கோலின் படத்தைக் காட்டி அதன் திறத்தை விளக்க முற்படுவோர் இவ்விடைவெளிக்கு விடை கூறக் கடமைப்பட்டவர்.