“ஆர்ர வூடு?” – தொலைக்காட்சித் தொடர்களின் எழுத்தை முன்வைத்து

போன வருஷக் கடைசியில் உம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தார்கள். மற்றக் கண் ஏற்கெனவே மங்கல். கொஞ்ச நாளைக்கு ரீவி, போன் ஒன்றும் பார்க்க வேண்டாம் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பாடசாலை விடுமுறை என்பதால் மஃரிபுக்குப் பிறகு நான் தங்கச்சி வீட்டுக்குப் போய் உம்மாவோடு இருந்துவிட்டு வருவேன். மூன்றாம் நாள் உம்மா வாய்விட்டுக் கேட்டுவிட்டா: “நீ பாத்துச் சொல்லு மகன். எனக்குச் சத்தம் காணும்.” அவ பார்க்கச் சொன்னது ‘எதிர்நீச்சல்’. அது ஓடின காலத்தில் நடுவில் பல மாதங்கள் அவவுக்குத் தப்பிப் போயிருந்தன. அந்தக் கடனை அடைக்கிற பொறுப்பு, தமிழில் சிறப்புப் பட்டம் பெற்ற மகனின் தலையில் விழுந்தது.

இதே சீரியல்களுக்காக உம்மாவோடு நான் சண்டை பிடித்திருக்கிறேன். ‘மெட்டி ஒலி’யின் சிதம்பரம் தன் ஐந்து பெண்மக்களுக்காகக் கண் கலங்கிக்கொண்டிருந்த ஓர் இரவு, கம்பஸிலிருந்து லீவில் வந்திருந்த நான் எழும்பிப் போய் ரீவியை நிறுத்தினேன். உம்மா ஒன்றும் பேசவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போய் மிச்சத்தைப் பார்த்தா. பார்க்காமலே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்த அந்த இருபது வருஷத்தையும் இப்போது கழாச் செய்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுவதையும் பார்த்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். 2022 பெப்ரவரியிலிருந்து 2024 ஜூன் வரை எழுநூறுக்கும் மேற்பட்ட அங்கங்கள் சன் ரீவியில் ஓடிய தொடர் அது. நூற்றைம்பது அளவில் பார்த்திருப்பேன்.

முதல் இரண்டு இரவிலேயே ஒன்று விளங்கிவிட்டது. உம்மாவுக்கு நான் தேவைப்படவில்லை. “இப்ப கதவடியில நிக்கிறான்” என்று நான் சொல்லுமுன் “கதவடியில நிண்டுதானே கத்துறான்” என்பா. ஆர் வருகிறார், ஆர் போகிறார், ஆர் முகத்தைத் திருப்புகிறார் என்பதெல்லாம் வசனத்திலும் பின்னணி இசையிலும் இருக்கிறது. படம் என்று நாம் நினைப்பது உண்மையில் வானொலி நாடகம். இதைக் குறையாக மட்டும் சொல்லவில்லை. அடுப்படியில் நின்றுகொண்டு காதால் பார்க்கிற பெண்களுக்காக எழுதப்படும் எழுத்து அப்படித்தான் அமையும். உம்மா குமரியாக இருந்த காலத்தில் இலங்கை வானொலியில் எஸ். ராம்தாஸ் ‘மரிக்கார்’ ஆகப் பேசின பேச்சை இன்றைக்கும் அவ பேசிக் காட்டுவா. மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி என்று ஆளுக்கொரு தமிழ். வாய் திறந்தால் ஆள் ஆரென்று தெரிந்துவிடும். அந்த நாடகம்தான் 1976இல் ‘கோமாளிகள்’ என்ற படமாக வந்தது. காதுக்கு எழுதுகிறவனுக்கு இருக்கும் ஒரே கருவி பேச்சு மொழி. சீரியலையும் அந்த அளவுகோலால் அளப்பதுதான் நியாயம்.

அப்படி அளந்தால் ‘எதிர்நீச்சல்’ பல இடங்களில் தேறுகிறது. கதையும் இயக்கமும் திருச்செல்வம். 2003 முதல் 2009 வரை 1500 அங்கங்களைத் தாண்டிய ‘கோலங்கள்’ இவருடையதுதான். அதில் அவரே தொல்காப்பியன் என்ற பெயரில் ஒரு பாத்திரமாகவும் வந்தார். (பெயரை வைத்தே அவர்மேல் எனக்கு ஒரு கோபம் இருந்தது, அது வேறு கதை.) ஆதி குணசேகரன் என்ற மூத்த அண்ணனின் பேச்சு வசவும் வாஞ்சையும் கலந்த மதுரைப் பேச்சு. ‘அம்மா’ என்று கூப்பிட்டுக்கொண்டே ஒரு பெண்ணை அதட்டி உட்கார வைக்கிற அந்தத் தொனி, எத்தனையோ பெரிய மனிசன்மாரின் வாயில் நாமும் கேட்டதுதான். அவருக்குப் பதில் சொல்லுகிற நந்தினியின் வாய் அதைவிட நல்ல எழுத்து. நேரே எதிர்த்துப் பேச முடியாதவள் முணுமுணுப்பாகவும் நக்கலாகவும் கதைக்கிறாள். அந்த வீட்டில் அவளுக்கு விடப்பட்டிருக்கும் இடம் அவ்வளவுதான் என்பதை அந்த வசனத்தின் அளவே காட்டிவிடுகிறது.

குணசேகரனாக நடித்த ஜி. மாரிமுத்து 2023 செப்டெம்பர் 8ஆம் திகதி, இந்தத் தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது சுகமில்லாமல் போய் மௌத்தானார். பிறகு வேல ராமமூர்த்தி அந்த இடத்துக்கு வந்தார். எழுத்தாளர், நல்ல நடிகர். ஆனால் உம்மா அரை நிமிஷத்தில் சொன்னா: “இவன் வேற ஆள்.” முகம் பார்க்காமல்தான் சொன்னா. பாத்திரம் குரலில் இருந்தது.

நான் எழுத வந்தது இதையல்ல. ஒரு இரவு, மருமகளை வீட்டை விட்டு வெளியே போ என்று குணசேகரன் சத்தம் போடுகிற கட்டம். உம்மா இடையில் கேட்டா: “அது ஆர்ர வூடு?”

நான் போனை நிறுத்திவிட்டேன். இருபத்தைந்து வருஷமாக ‘சித்தி’, ‘மெட்டி ஒலி’, ‘கோலங்கள்’ என்று பார்த்துப் பார்த்து அழுத மனிசி கேட்கிற கேள்வி அது. எங்கள் ஊரில் ஒரு பெண்ணைப் பார்த்து ‘வெளியே போ’ என்று மாப்பிள்ளைப் பக்கத்தார் சொல்ல ஏலாது. வீடு அவளுடையது. காத்தான்குடியிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் முஸ்லிம்களிலும் தமிழர்களிலும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறான். டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்து, 2008இல் வெளிவந்த தன் பெரிய நூலில் இந்தத் தாய்வழிக் குடிமுறையையும் வீடு சீதனமாகப் போவதையும் விரிவாக எழுதியிருக்கிறார். நாங்கள் அதை வாழ்ந்துகொண்டிருக்கிறோம். கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய நிலம். உம்மா தன் வளவைப் பிரித்து மூத்தவளுக்கும் இளையவளுக்கும் வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, இப்போது இளையவள் வீட்டில் ஓர் அறையில் இருக்கிறா. நான் பதினெட்டு வருஷமாக என் மனைவியின் வீட்டில் இருக்கிறேன்.

தமிழ்ச் சீரியல் என்ற இயந்திரம் ஓடுவது ஒரே எரிபொருளில். பெண் பிறந்த வீட்டை விட்டுப் புகுந்த வீட்டுக்குப் போகிறாள், அங்கே மாமியார் இருக்கிறார். அந்த அச்சை எடுத்துவிட்டால் முக்கால்வாசித் தொடர்களுக்குக் கதையே இல்லை. எங்கள் பெண்கள் தங்களுக்கு நடக்காத ஒன்றுக்காக அழுகிறார்கள் என்று இதைச் சொல்லி முடித்துவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. வீடு பெண்ணின் பெயரில் இருப்பதால் அவளுக்கு இளிவரல் இல்லை என்று ஆகாது. அந்த வீட்டைக் கட்டுவதற்காக எத்தனை உம்மாமார் குவைத்திலும் சவூதியிலும் ஆருடையவோ அடுப்படியில் நின்றார்கள்? மஹர் கொடுத்து முடிக்க வேண்டிய மாப்பிள்ளைக்கு வீடு கொடுத்துக் காத்திருக்கிறோம் என்பது இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்குப் புதிதல்ல. உம்மா அழுவது வீட்டுக்கு விலை கொடுத்தவள் என்ற முறையில் என்று நினைக்கிறேன்.

அதனால்தான் இந்தத் தொடரில் உம்மாவுக்குப் பிடித்த ஆள் மருமகள்களில் ஒருத்தியும் இல்லை. அப்பத்தா பட்டம்மாள். குணசேகரன் தன்னுடையது என்று ஆண்டுகொண்டிருக்கிற சொத்தில் 40 சதவீதம் அந்தக் கிழவியின் பங்கு. மூலையில் கிடக்கிற மனிசி என்று நினைத்த எல்லாரும் அவவின் கைநாட்டுக்கும் கையெழுத்துக்கும் அலைகிற பகுதிதான் இந்தத் தொடரின் ஆக நல்ல எழுத்து. இளிவரல் பிறக்கும் இடங்களாக மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்று நான்கைத் தொல்காப்பியர் சொல்லுவார். அந்த நான்கும் ஒரு பாத்திரத்தில் கூடியிருக்க, அவரிடம் ஒரு கணக்கும் இருக்கிறது. கதைக்குள் சட்டமும் பத்திரமும் வந்தவுடன் வசனம் இறுகுகிறது. அழுகை குறைகிறது.

ஆனால் அந்த இறுக்கத்தைக் காப்பாற்ற நாளாந்தத் தொடரால் முடியவில்லை. தோப்பில் முஹம்மது மீரானின் ‘சாய்வு நாற்காலி’யை நினைத்துப் பாருங்கள். முஸ்தபாக்கண்ணுவும் நாற்காலியில் இருந்து அதட்டுகிற குடும்பத் தலைவன்தான். வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக வெளியே போகின்றன. ஒவ்வொன்று போகும்போதும் அதிகாரமும் கொஞ்சம் போகிறது. போனது திரும்பி வராது. சீரியலில் எதுவும் வீட்டை விட்டுப் போவதில்லை. ஆதிரை விரும்பியவனை விட்டுக் கரிகாலனுக்குக் கட்டாயமாகக் கட்டி வைக்கப்படுகிற பகுதியில் ஒரு குடும்பம் உடைந்திருக்க வேண்டும். அடுத்த கிழமை அதே மேசையில் அதே ஆட்கள் சாப்பிடுகிறார்கள். உடைந்தால் நாளைக்கு அங்கம் இல்லை. கோபத்துக்கு விளைவு இல்லாதபோது எழுத்தாளர் அடுத்த அங்கத்தில் சத்தத்தைத்தான் கூட்ட முடியும்.

இதைச் சொன்னால் நம் இளைஞர்கள் ‘எர்துருல்’ பாருங்கள் சேர் என்பார்கள். பார்த்தேன். 2014 முதல் 2019 வரை துருக்கி அரச தொலைக்காட்சியில் வந்த 150 அங்கங்களில் ஒரு பகுதியை. குதிரை நல்லது, கம்பளம் நல்லது. ஆனால் கூடாரத்துக்குள்ளேயே ஒரு துரோகி, அவனை நாயகனைத் தவிர எல்லாரும் நம்புவார்கள், பிடிபட்டால் அடுத்தவன் முளைப்பான். குணசேகரன் வீட்டு எழுத்துக்கும் இதற்கும் கட்டுமானத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இதைப் பார்க்கும் மகன், அதைப் பார்க்கும் உம்மாவைக் கண்டிப்பதுதான் வேடிக்கை.

எங்கள் பேச்சில் எழுத முடியாது என்பதும் இல்லை. ஓட்டமாவடியின் எஸ்.எல்.எம். ஹனீபா ‘மக்கத்துச் சால்வை’யில் இந்த மண்ணின் வாயை அப்படியே இறக்கி வைத்திருக்கிறார். விடுமுறை முடிந்து வந்ததும் உயர்தர வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தேன்: நமது ஊரில் நடக்கும் ஒரு தொடரின் முதற் காட்சியை எழுதுக. முப்பத்தொரு பேரில் இருபத்தாறு பேர், மாமியார் மருமகளைக் கொடுமைப்படுத்தும் காட்சியை மதுரைத் தமிழில் எழுதியிருந்தார்கள். வாவிக் கரையில் பிறந்த பிள்ளைகள்!

ஒரு மாணவி மட்டும் வேறு விதமாக எழுதியிருந்தாள். இரவு. புதுமாப்பிள்ளை தன் சேட்டைக் கொழுவ அறைச் சுவரில் ஆணி அடிக்கப் பார்க்கிறான். கையில் சுத்தியல். வெளியே மண்டபத்தில் மாமி படுத்திருக்கிறா. மனைவி “உம்மாட்டக் கேட்டயா?” என்கிறாள். அவன் சுத்தியலை மெதுவாக நிலத்தில் வைக்கிறான். அவ்வளவுதான், அரைப் பக்கம்.

அன்றிரவு அதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கட்டு அவிழ்த்த கண்ணால் என்னைப் பார்த்துச் சிரிச்சா. நான் எந்தச் சுவரில் எத்தனை ஆணி அடித்திருக்கிறேன் என்று அவவுக்குத் தெரியும்.

அடுத்த நாள் மாணவியிடம் கேட்டேன், இரண்டாம் காட்சியில் என்ன நடக்கும் என்று.

“தெரியா சேர்,” என்றாள். “எங்கட மச்சான் இன்னும் அடிக்கல்ல.”